இன்னும் 8 சென்டிமீட்டர்

பிள்ளைக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அப்பா அம்மா கேட்பது இரண்டே கேள்விதான். உயிருக்கு ஆபத்தா? காலை எடுத்துவிடுவார்களா? அதற்கு மேல் எதையும் கேட்கிற நிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை என்றால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. பக்கத்தில் இருப்பவர் யாராவது எடுத்துக்கொடுத்தாவது அதைக் கேட்க வைக்க வேண்டும். இந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும்? அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரப்போகிற ஏழெட்டு வருஷத்தை நிர்ணயிப்பது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னையில் வேலை. எலும்புப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வருகிற பிள்ளைகளை எழுந்து நிற்கவைப்பதும், முட்டியை மடக்கவைப்பதும், நடக்கவைப்பதும்தான் அன்றாடம். இவர்களில் வெட்டி எடுத்த எலும்புக்குப் பதிலாக, நீட்டக்கூடிய உலோக எலும்பை உள்ளே வைத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னிடம் அதிக காலம் வந்து போகிறவர்களும் அவர்கள்தான். வருஷக்கணக்கில் வருவார்கள். தவழாத குறையாக வந்த பிள்ளைக்கு மீசை அரும்புகிறவரை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பதையும், கேட்காமல் விட்டுப் பின்னால் கஷ்டப்படுவதையும் ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

குழந்தைகளுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் எலும்பிலேயே ஆரம்பிக்கிற புற்றுநோய்களில் ஆஸ்டியோசார்கோமாதான் அதிகம். அடுத்தது யூவிங் சார்கோமா. ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் பிடிக்கிற இடம் முழங்காலைச் சுற்றி. தொடை எலும்பின் கீழ்முனை, இல்லாவிட்டால் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை. காலில் எலும்பு வேகமாக வளர்வதும் அதே இடத்தில்தான். பிள்ளை மளமளவென்று உயர்கிற வயதில்தான் இந்த நோயும் அதிகம் தலைகாட்டுகிறது. அதனால் ஆரம்பத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. விளையாடும்போது அடிபட்டிருக்கும், வளர்கிற வலியாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள், கட்டுப் போடுகிறார்கள். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, முட்டிக்கு மேலோ கீழோ கெட்டியான வீக்கம் இருந்தால் உருவவே உருவாதீர்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அந்தப் படத்தில் சந்தேகம் வந்தால், பயாப்ஸியை, அதாவது கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கிற சோதனையை, அங்கேயே பக்கத்தில் எங்காவது எடுத்துவிடலாம் என்று அவசரப்படவும் வேண்டாம். ஊசி போன வழியையும் சேர்த்துத்தான் பின்னால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் கடைசியில் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் குழுவே பயாப்ஸியையும் எடுப்பது நல்லது. இடம் மாறி எடுத்த ஒரு பயாப்ஸியால் காப்பாற்றியிருக்கக்கூடிய கால் போவதும் உண்டு.

சரி, வளர்ச்சிக் கணக்குக்கு வருகிறேன்.

எலும்பின் இரண்டு முனைகளிலும் வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய குருத்தெலும்புப் பகுதி ஒன்று இருக்கிறது. நீளம் கூடுவது அங்கேதான். தொடை எலும்பின் மொத்த வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முழங்கால் பக்கத்துத் தட்டிலிருந்து வருகிறது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டிக்குக் கீழே இருக்கிற எலும்பின் மேல்தட்டு வருஷத்துக்கு 6 மில்லிமீட்டர் போலத் தரும். பெண் பிள்ளைகளுக்கு 14 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதிலும் இந்த வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்பது எலும்பு டாக்டர்கள் மனக்கணக்காகப் போடுகிற விதி. இதைவிடத் துல்லியமாக வேண்டுமென்றால் மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். சான்றிதழில் 9 வயது என்று இருக்கிற பிள்ளையின் எலும்புக்கு 8 வயதோ 10 வயதோ இருக்கலாம்.

இப்போது 9 வயதுப் பெண் ஒருத்திக்குத் தொடை எலும்பின் கீழ்முனையில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். கட்டியோடு முட்டியும் அந்த வளர்ச்சித் தட்டும் போய்விடும். 14 வயது வரை ஐந்து வருஷம். தொடையில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் குறையும். செயற்கை முட்டியின் கீழ்த்தண்டு கீழ்க்கால் எலும்புக்குள் இறங்க வேண்டும் என்பதால் அந்தத் தட்டும் நின்றுபோனால் இன்னொரு 3 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 8. அதே 9 வயதில் பையன் என்றால் இரண்டு வருஷம் கூட. 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். இரண்டு கால்களுக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வரை உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். 8 சென்டிமீட்டரோடு இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்தால் முதுகெலும்பு வரைக்கும் பாதிக்கும். பெரியவர்களுக்கு வைக்கிற சாதாரண உலோக எலும்பை இந்தப் பிள்ளைக்கு வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால், ஜெயித்தது புற்றுநோயை மட்டும்தான்.

இந்தப் பிரச்சினையே ஒரு நல்ல காலத்தின் பிரச்சினை என்பதையும் சொல்ல வேண்டும். 1970களுக்கு முன்னால் ஆஸ்டியோசார்கோமா என்றால் காலை எடுப்பதுதான் சிகிச்சை. எடுத்த பிறகும் ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. நுரையீரலில் ஏற்கெனவே நோய் பரவியிருக்கும். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கு 1977-ல் 18 வயதில் இதே நோய்க்குத்தான் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். 1980-ல் செயற்கைக் காலோடு அந்த நாட்டின் குறுக்கே ஓட ஆரம்பித்து, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு வருஷம் இறந்துபோனார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அதே 70களில்தான் கீமோ வந்து நிலைமையை மாற்றியது. அதில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் சில நோயாளிகளுக்குக் காலை எடுக்காமல் உலோக எலும்பு வைக்கலாம் என்று முடிவானது. அந்த உலோக எலும்பை ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க முடியாதே என்று ஜெரால்டு ரோசன் என்ற டாக்டர் கீமோவை முன்கூட்டியே ஆரம்பித்தார். கட்டி சுருங்கியது, வெட்டி எடுத்த கட்டியைப் பார்த்து மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்றும் அளக்க முடிந்தது. இன்று உலகம் முழுக்க முதலில் சுமார் 10 வாரம் கீமோ, அப்புறம் ஆபரேஷன், பிறகு மறுபடி கீமோ என்றுதான் நடக்கிறது. உலோக எலும்புக்காகக் காத்திருந்த காத்திருப்பில் பிறந்த முறை அது. நுரையீரலுக்குப் பரவாமல் பிடித்துவிட்டால் இப்போது நூற்றுக்கு அறுபது, எழுபது பேர் பிழைக்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் காலும் மிஞ்சுகிறது. பிழைத்த பிள்ளைகள் வளர்ந்தாக வேண்டும் அல்லவா? அப்போதுதான் நீளம் பெரிய கேள்வியாக எழுந்தது.

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஸ்டான்மோர் என்ற இடத்தில் ராயல் நேஷனல் எலும்பு மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஜான் ஸ்கேல்ஸ் என்பவர் தலைமையில் ஒரு பொறியியல் பிரிவு இருந்தது. நீட்டக்கூடிய உலோக எலும்பை 1976-ல் முதலில் செய்தவர்கள் அவர்கள்தான். அடிப்படை எளிமையானது. பழைய ரேடியோவின் ஏரியல் எப்படிக் குழாய்க்குள் குழாயாக நீளுமோ அப்படி, தண்டு ஒன்று இன்னொன்றுக்குள் நுழைந்திருக்கும். உள்ளே இருக்கும் திருகைச் சுற்றினால் வெளியே வரும். சிக்கலெல்லாம் அந்தத் திருகை யார், எப்படிச் சுற்றுவது என்பதில்தான். முதல் வகைகளில் ஒவ்வொரு முறையும் தோலையும் தசையையும் திறக்க வேண்டியிருந்தது. திருகுக்குப் பதிலாகச் சின்ன உலோக உருண்டைகளை உள்ளே தள்ளி நீட்டினார்கள். வளையங்களைச் செருகினார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிருமி உள்ளே போகிற வாய்ப்பும் கூடவே வந்தது. பின்னால் 90களில், ஒரு சென்டிமீட்டர் போல சின்னதாகக் கீறி அதன் வழியே சாவியை நுழைத்துச் சுற்றுகிற வகை வந்தது.

2002-ல் அதே ஸ்டான்மோர் குழு அடுத்த கட்டத்துக்குப் போனது. கீறலே வேண்டாம், சாவியே வேண்டாம். உலோக எலும்புக்குள் ஒரு காந்தமும், மிக நுணுக்கமான பல்சக்கரப் பெட்டியும் வைத்தார்கள். பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளும். டிரம் வடிவில் ஒரு சுருள் தொடையைச் சுற்றி வைக்கப்படும். மின்சாரம் பாய்ச்சினால் சுழலும் காந்தப்புலம் உருவாகும். நிமிடத்துக்கு 3,000 சுற்று. உள்ளே இருக்கும் காந்தமும் கூடவே சுற்றும். அது 13,061 முறை சுற்றினால்தான் திருகு ஒரே ஒரு முறை சுற்றும். அவ்வளவு வேகத்தை அவ்வளவு நிதானமாக மாற்றியதில்தான் அதன் வலிமை இருக்கிறது. சதையின் இறுக்கத்தை எதிர்த்துத் தள்ள அந்த வலிமை வேண்டும். நிமிடத்துக்கு 0.23 மில்லிமீட்டர் நீளும். 4 மில்லிமீட்டருக்குச் சுமார் 17 நிமிடம். மயக்க மருந்து கிடையாது, தையல் கிடையாது. பாதத்தில் மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் எதிர்த்திசையில் சுற்றிக் கொஞ்சம் குறைத்துவிடவும் முடியும். உள்ளே காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்க முடியாது என்பது இதன் பெரிய குறை. புற்றுநோய்ப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மனித மூளை செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று. ஒரு பிள்ளையின் கால் வளர வேண்டும் என்பதற்காக இத்தனை பல்சக்கரங்களை யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் நிலவரம் வேறு. காந்த வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்; விலை பல லட்சம். அதனால் இங்கே பெரும்பாலும் சாவி வகைதான், அதுவும் உள்நாட்டிலேயே செய்தது. இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மயில்வாகனன் நடராஜன், 1980களின் கடைசியிலிருந்தே நோயாளியின் அளவுக்கு ஏற்ப உலோக எலும்புகளை இங்கேயே செய்வித்து ஏழைகளுக்கு வைத்தவர். வெளிநாட்டு விலையைக் கொடுக்க வழியில்லாத குடும்பங்களுக்குக் காலை எடுப்பது ஒன்றே வழி என்று இருந்த காலம் அது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் உள்நாட்டுத் தயாரிப்பை வளர்த்தெடுத்தது. விலை குறைந்த எலும்பு தரம் குறைந்த எலும்பாகத்தான் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் கடன் வாங்கப் போகாதீர்கள். வெளிநாட்டு எலும்பு வைத்துவிட்டுப் பிசியோவுக்கு வராத பிள்ளையைவிட, இங்கே செய்த எலும்போடு ஒழுங்காக வருகிற பிள்ளை நன்றாக நடக்கிறது. இது நான் கண்ணால் பார்ப்பது.

அப்படி வருகிற ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். தருமபுரிப் பக்கம். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள், எங்களுக்கும் பாப்பாதான். 9 வயதில் ஆபரேஷன். இடது தொடை எலும்பின் கீழ்ப்பாதி உலோகம், முட்டியும் உலோகம். சாவி வகை.

அவளை அளக்கிற முறையைச் சொல்கிறேன். டேப் வைத்தும் அளப்போம், கால் முழுவதும் தெரிகிற எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நான் நம்புவது மரப்பலகையை. 5 மில்லிமீட்டர் கனத்தில் சின்னச் சின்னப் பலகைகள், விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். பிள்ளையைச் சுவரைப் பார்த்து நேராக நிற்கவைத்துவிட்டு, நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைப்பேன். குட்டையான காலுக்கு அடியில் பலகையை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். இரண்டு விரலும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். பாப்பாவுக்கு என் விரலுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். "அக்கா, இன்னும் ஒண்ணு" என்பாள். வைத்தால் சரியாக இருக்கும். அவளுடைய அப்பா பலகைகளையே எண்ணிக்கொண்டு நிற்பார். இரண்டு என்றால் முகம் தெளியும், மூன்று என்றால் "போன தடவையே ரெண்டுதானே மேடம்" என்பார். வலது கால் வளர்ந்துகொண்டே இருக்கிறதே! பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு நன்றாக உயர்கிறாள் என்பதற்கான அடையாளம்தான் அந்த மூன்றாவது பலகை.

நீட்டுகிற நாளில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்த் திரும்ப அதிக நேரம் ஆகாது. லேசான மயக்கம், முட்டிக்குப் பக்கத்தில் சின்னக் கீறல், உடனுக்குடன் படம் காட்டுகிற சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே சாவியைச் சுற்றுவார்கள். பாப்பாவுக்கு ஒரு முறை ஒரு சென்டிமீட்டர் நீட்டினார்கள். மறுநாள் பலகை வேண்டியிருக்கவில்லை. இடுப்பு மட்டமாக இருந்தது. ஆனால் அவளுடைய இடது குதிகால் தரையில் படவில்லை, முட்டியும் முழுசாக நிமிரவில்லை. அம்மா கேட்டார்: "நீட்டியாச்சுன்னுதானே சொன்னாங்க? அப்புறம் ஏன் மேடம் கால் ஊன மாட்டேங்குது?"

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதுதான். சாவியைச் சுற்றினால் நீள்வது உலோகம் மட்டும்தான். அதைச் சுற்றியிருக்கும் தசை, நரம்பு, ரத்தக்குழாய், தோல் எதற்கும் சாவி கிடையாது. தொடையின் பின்பக்கத் தசை பழைய நீளத்திலேயே இருப்பதால் முட்டியை மடக்கி இழுக்கும். ஆடுசதை குதிகாலைத் தூக்கும். முட்டிக்கு வெளிப்புறமாகச் சுற்றி இறங்குகிற நரம்பு இழுபட்டால் பாதத்தின் மேற்பகுதி மரத்துப்போகும், முன்பாதம் தொங்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மற்ற இறுக்கமெல்லாம் தினமும் இழுத்து இழுத்துத்தான் விட வேண்டும். வாரம், பத்து நாள், சிலருக்கு மாதம் ஆகும். வலிக்கும், பிள்ளை அழும். கொஞ்சம் கொஞ்சமாக, 4 அல்லது 5 மில்லிமீட்டராக நீட்டுவது சதைக்கு நல்லது. காந்த வகையின் உண்மையான மேன்மை என்னைப் பொறுத்தவரை அங்கேதான் இருக்கிறது. சாவி வகையில் ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து, கீறல் என்று இருப்பதால் ஒரேயடியாகக் கொஞ்சம் அதிகம் நீட்ட வேண்டிவருகிறது. அந்தப் பாரத்தைப் பிள்ளையும் பிசியோவும்தான் சுமக்க வேண்டும்.

அம்மாக்கள் தவறாமல் செய்கிற ஒரு காரியம், முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. முட்டி லேசாக மடங்கியிருந்தால் பிள்ளைக்கு வலி குறையும், நிம்மதியாகத் தூங்கும். எந்தத் தாய்க்குத்தான் வைக்கத் தோன்றாது? ஆனால் மடங்கிய நிலையிலேயே அந்த முட்டி இறுகிவிடும். ஒரு ராத்திரி தலையணை வைத்ததை மீட்க எனக்கு இரண்டு நாள் வேண்டும். தலையணையை எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நின்று, தன் கனத்திலேயே மெதுவாக நிமிரும். முதல் கால் மணி நேரம் பிள்ளை முறைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள்.

வீட்டு விஷயங்கள் இன்னும் உண்டு. ஒரு முறை நீட்டுவதற்கும் அடுத்த முறைக்கும் இடையில் காலணியில் உயரம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் வீடுகளில் செருப்பை வாசலில் கழற்றிவிடுகிறோமே! பிள்ளை நடக்கிற நேரத்தில் பாதி வெறுங்காலோடுதான். அதனால் வீட்டுக்குள் போட என்றே ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பூஜை அறைக்கு மட்டும் போடாமல் போகட்டும். உயரம் வைக்க விலை உயர்ந்த ஷூ வேண்டாம். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் அளவைச் சொன்னால் ரப்பர் அட்டை ஒட்டித் தருவார். பின்பக்கம் வார் இருக்கிற செருப்பாக இருக்கட்டும். இந்த உலோக முட்டியோடு சம்மணம் போட்டு உட்கார முடியாது, குத்துக்காலிட முடியாது. இந்திய டாய்லெட் இருக்கிற வீட்டில் ஆபரேஷனுக்கு முன்னாலேயே மேலே வைக்கிற நாற்காலி வாங்கிவிடுங்கள். பந்தியில் தரையில் இலை போட்டால் பிள்ளைக்கு ஒரு ஸ்டூல். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசி, காலை நீட்டிக்கொள்ள வசதியாக வகுப்பில் வரிசை ஓரத்து இடத்தைக் கேளுங்கள். சைக்கிள், நீச்சல் இரண்டும் டாக்டர் சம்மதித்த பிறகு தாராளமாக. கபடி, ஃபுட்பால், மேலேயிருந்து குதிப்பது வேண்டாம். பையன்களிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம். ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் வெளியே வந்ததும் செய்ய ஆசைப்படுவது ஓடுவதைத்தானே.

கிருமித் தொற்றுதான் நாங்கள் எல்லோரும் அஞ்சுவது. உலோகத்தில் ஒரு முறை கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்து அதை எளிதில் எட்டாது. கீமோ நடக்கும்போது ரத்த அணுக்கள் குறைந்திருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். கீழ்க்கால் எலும்பில் வைத்தால் முன்பக்கம் தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே சதையே கிடையாது. ஆடுசதையில் ஒரு பகுதியைத் திருப்பிக்கொண்டுவந்து மூடுவார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, சொத்தைப் பல், கால் ஆணி, ஆறாத கொப்புளம் எதையும் விட்டுவைக்காதீர்கள். ரத்தம் வழியாகக் கிருமி அங்கே போய்ச் சேரலாம். பல் டாக்டரிடம் போகும்போது உள்ளே உலோகம் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

இது ஆயுளுக்கும் தாங்குகிற எலும்பும் இல்லை. தண்டு எலும்புக்குள் தளர்ந்து ஆடலாம், திருகு சிக்கிக்கொள்ளலாம், உடைந்தும் போகலாம். நீட்ட வேண்டிய அளவு முடிந்து, வளர்ச்சியும் நின்ற பிறகு, பலருக்கு அதை எடுத்துவிட்டுப் பெரியவர்களுக்கான உறுதியான ஒன்றை வைக்க வேண்டிவரும். முதல் ஆபரேஷனின்போதே இதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். "ஒரே தடவைன்னு நினைச்சோம்" என்று பின்னால் உடைந்து அழுகிற அப்பாக்களைப் பார்க்க முடியவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் 15 சென்டிமீட்டர் வளர்ச்சி பாக்கி இருக்கும். எலும்பும் குச்சியாக இருக்கும். உலோகத் தண்டு உட்கார இடமே போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு ரொட்டேஷன்பிளாஸ்டி என்று ஒரு பழைய முறை இருக்கிறது. கட்டி இருக்கிற முட்டிப் பகுதியை நரம்பை மட்டும் விட்டுவிட்டு எடுத்து, கீழே மிஞ்சிய காலை அரைவட்டம் திருப்பித் தொடையோடு பொருத்துவார்கள். குதிகால் முன்னால் பார்க்கும், பாதம் பின்னால் பார்க்கும். கணுக்கால் முட்டியின் வேலையைச் செய்யும். அதன்மேல் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு பிள்ளை ஓடும், குதிக்கும், ஃபுட்பால் ஆடும். பயன்படுவது சொந்த மூட்டு, சொந்த எலும்பு. கிருமிக்கு ஒட்டிக்கொள்ள உள்ளே பெரிய உலோகம் இல்லை. ஜெர்மனியில் போர்க்ரேவ என்ற டாக்டர் 1920களில் வேறொரு நோய்க்காகச் செய்தது. 70களில் வியன்னாவில் சால்ஸர் என்ற டாக்டர் அதைப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார்.

படத்தைக் காட்டினால் நம் ஊர்ப் பெற்றோர் பத்தில் ஒன்பது பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பார்க்க விகாரமாக இருக்கிறது, நாளைக்குக் கல்யாணம் எப்படி ஆகும், அதற்குக் காலையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். அவர்களுடைய பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளை விளையாடுகிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ரத்தக்குழாயும் நரம்பும் கட்டிக்குள் மாட்டிக்கொண்டால் காலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும் என்கிற நிலையும் வரும். அப்போது எடுத்துவிடுவது தோல்வி இல்லை. கால் எடுத்த பிள்ளைகள் நல்ல செயற்கைக் காலோடு என் முன்னாலேயே படி ஏறி இறங்குகிறார்கள்.

கடைசியாக ஒன்று. கீமோ முடிந்து, ஸ்கேன் சுத்தம் என்று வந்ததும் குடும்பங்கள் ஊருக்குப் போகின்றன. கடன், நிலம், மற்ற பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் காத்திருக்கும். ஆஸ்பத்திரி வாசனையே வேண்டாம் என்று இருக்கும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்து வரும்போது ஐந்து, ஆறு பலகை தேவைப்படும். முட்டி மடங்கி இறுகியிருக்கும். அத்தனையையும் ஒரே தடவையில் நீட்ட நரம்பு சம்மதிக்காது. நன்றாகப் போயிருக்க வேண்டிய கால் அப்படிப் பின்தங்குவது என்னை மிகவும் வருத்துகிறது.

வர முடியாதவர்கள் வீட்டிலேயே அளக்கலாம். பிள்ளையைச் சுவரோரம் வெறுங்காலோடு, முட்டியை நிமிர்த்தி நிற்கவையுங்கள். குட்டையான காலுக்கு அடியில் மெல்லிய நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வாருங்கள். பின்னாலிருந்து பார்த்து இடுப்பு மட்டமானதும் நிறுத்தி, ஸ்கேலால் கனத்தை அளந்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஒன்றரை சென்டிமீட்டரைத் தொட்டால் டாக்டருக்கு உடனே போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள். பாப்பாவின் அப்பா இப்போது அப்படித்தான் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன மாதம் அனுப்பியது 11 மில்லிமீட்டர். 8 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் நீட்டியாகிவிட்டது. அடுத்து வரும்போது மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து, மிச்சக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.